தலைக்கணக்கு

ஏ பேராண்டி, நேத்து ராத்திரி நீ போன்ல அழுததை உங்க அப்பத்தா கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. பிள்ளைய வேலையை விட்டுத் தூக்கிட்டாகளோன்னு அவளுக்குப் பயம். "வேலையெல்லாம் இருக்கு. வீட்டுல நாயும் பூனையும் பெருகிப் போச்சுன்னு காசியாபாத் அபார்ட்மெண்டுக்காரக நோட்டீசு ஒட்டிட்டாகளாம்"னு சொன்னேன். அவ ஒரு நிமிசம் யோசிச்சா. "அம்புட்டுத்தானா? ஒத்தையில கிடக்குற பிள்ளை, துணைக்கு நாலு உசுரு இருந்துட்டுப் போகட்டுமே"ன்னு சொல்லிட்டுத் தூங்கப் போயிட்டா. நான்தான் விடிய விடிய முழிச்சுக் கிடந்தேன். நோட்டீசுக்காக இல்ல. எத்தனைடா வச்சிருக்கேன்னு கேட்டதுக்கு, "நாய் நாலு தாத்தா, பூனை ஒரு ஒம்பது... பத்து... பால்கனியில கிடக்குறதையும் சேத்தா"ன்னு இழுத்தே பாரு, அந்த இழுவைக்காக.

சரி, பெரிய மனுசன்னு ஒருத்தன் இருந்தா யோசனை சொல்லணும்ல. சொல்றேன், குறிச்சுக்கோ.

2022 அக்டோபர்ல உங்க ஊரு மாநகராட்சி கூடி, ஒரு குடும்பத்துக்கு ஒரு நாய்தான்னு தீர்மானம் போட்டுச்சுன்னு நீதான் சொன்னே. பிட்புல், ராட்வைலர், டோகோ அர்ஜென்டினோன்னு மூணு சாதி வாசப்படியே ஏறக் கூடாது. மாடி வீட்டுக்காரன் சாமான் ஏத்துற லிஃப்டுலதான் நாயைக் கூட்டிட்டுப் போகணும், வெளிய இறங்குனா வாய்க்கூடு மாட்டணும். இதுல என்னடா கஷ்டம்? ஒரு குடும்பத்துக்கு ஒரு நாய்னா, நாலு நாய்க்கு நாலு குடும்பமா ஆயிரு. உனக்கு இன்னும் ஒரு பொண்ணே அமையலங்குறது எனக்கும் தெரியும். ஜாதகத்தைத் தூக்கிட்டுப் போற தரகன், "மாப்பிள்ளை கூட யார் யார் இருக்காக"ன்னு கேக்கும்போது என்ன சொல்றதுன்னுதான் உங்க அப்பன் நாலு மாசமா முழிக்கிறான்.

அது ஒத்துவரலேன்னா இன்னொரு வழி இருக்கு. ரோட்டைத் தாண்டிரு. இந்திராபுரத்துல உன் ஜன்னல்ல நின்னு பாத்தா நொய்டா செக்டர் 62 தெரியுதுங்குறே. பெரிய ரோடு ஒண்ணுதான் நடுவுல. அந்தப் பக்கம் ஆட்சி வேற, சட்டம் வேற. நொய்டாக்காரக 2022 நவம்பர்ல ஒரு கொள்கை கொண்டாந்தாக. நாயா பூனையா எதுவா இருந்தாலும் 2023 ஜனவரி 31-க்குள்ள பதிஞ்சுரணும். கருத்தடையும் வெறிநோய் ஊசியும் போடாம வச்சிருந்தா மார்ச்சுலருந்து மாசம் 2,000 ரூவா அபராதம். நாய் யாரையாவது கடிச்சுட்டா 10,000 ரூவாயும் கடிபட்டவுக வைத்தியச் செலவும் உன் தலையில. இந்தப் பக்கம் எத்தனைன்னு கேக்கான். அந்தப் பக்கம் பேரு பதிஞ்சியா, ஊசி போட்டியான்னு கேக்கான். நடுவுல ரோட்டைக் கடக்குற நாய்க்கு ரெண்டும் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்தப் பக்கத்துக் கோழிக்கறிக் கடைதான்.

நிலபுலன் இருக்கிறவன்னா சண்டிகருக்கே போயிரலாம். அங்க நாயை நிலத்தளவுல அளக்குறாக. அஞ்சு மர்லா வரைக்கும் ஒரு நாய், அதுக்கு மேல பன்னெண்டு மர்லா வரைக்கும் ரெண்டு, ஒரு கனால் வரைக்கும் மூணு, ஒரு கனாலைத் தாண்டிட்டா நாலு. மர்லான்னா நம்ம சென்டு மாதிரி, கனால்னா அதை விட ரொம்பப் பெரிய அளவு. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நம்ம கரிசல் காட்டுல எனக்கு ஏழு ஏக்கர் கிடக்கு. இந்தக் கணக்குல பாத்தா நாலு நாய் நான் தாராளமா வச்சுக்கலாம். ஆனா அந்த ஏழு ஏக்கர்ல மூணு வருசமா விளைஞ்சது வேலிக்கருவைதான். நாய் அதைத் திங்குமா? இடம் இருக்குறவன்கிட்ட தீனியும் இருக்கும்னு யாரு கணக்குப் போட்டாகளோ, அவுக ஒரு நாளும் மானாவாரி விவசாயம் பாத்திருக்க மாட்டாக.

பெங்களூர்ல 2018-ல இதே மாதிரி ஒரு விதி வந்துச்சு. அபார்ட்மெண்டுன்னா ஒண்ணு, தனி வீடுன்னா மூணு. நாய்க்காரக எல்லாம் கூடி நின்னு சத்தம் போட்டாக, மாநகராட்சி விதியைச் சுருட்டி வச்சிருச்சு. நாய்க குரைச்சதை விட நாய்க்காரக குரைச்சதுதான் அதிகமாம். நம்ம சென்னையில லைசென்சு வாங்கணும், வாங்கலேன்னா 5,000 ரூவா. 

உடனே உன் சட்டப் புத்தியக் காட்டாத. மிருக நல வாரியம் 2015-லயே எழுதி வச்சிருக்கு, நாய் வளக்கக் கூடாதுன்னு குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாதுன்னு. நீ அதைத்தான் நோட்டீசு ஒட்டுனவன் மூஞ்சியில வீசப் போறேன்னு தெரியும். வீசு, உனக்கு நியாயம்தான். ஆனா வளக்கக் கூடாதுன்னு சொல்ல முடியாதுன்னா, மந்தையே ஓட்டிட்டு வரலாம்னு அர்த்தமில்ல. கல்யாணத்துக்கு வாங்கன்னு கூப்பிட்டா ஊரையே வண்டி கட்டிக் கூட்டிட்டுப் போறவன் நீ.

கோர்ட்டும் உன் பக்கம்தான், அதையும் சொல்லிருதேன். 2020 ஏப்ரல்ல ஊரடங்கு போட்டப்ப, கொச்சியில ஒரு சைவக்காரரு. வீட்டுல கறி மீனு சமைக்கிறதில்ல, பூனைகளுக்குப் பெர்சியன் பிஸ்கட்டுதான். அதை வாங்க வண்டியில போறதுக்குப் போலீசு பாஸ் கொடுக்கல. மனுசன் கேரளா ஹைகோர்ட்டு வரைக்கும் போயிட்டாரு. கோர்ட்டு பூனைக்குத் தீனி வாங்கப் போலாம்னு சொல்லிருச்சு. ஊரே அரிசிக்கு அலைஞ்ச காலத்துல பூனை ஜெயிச்ச கேஸு அது. ஆனா அவரு எத்தனை பூனை வச்சிருந்தாரு தெரியுமா? மூணு. ஒரு... ஏதோ... பால்கனியில கிடக்குறதையும் சேத்தான்னெல்லாம் இழுக்கல. மூணுன்னா மூணு. தலைக்கணக்கு தெரிஞ்ச ஆளு.

மாநகராட்சி விதியெல்லாம் குட்டிச் சாமிதாண்டா. பெரிய சாமி 1960-ல வந்த பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். அதுக்கு விதை போட்டது நம்ம அடையாறு கலாக்ஷேத்திரா ருக்மிணி தேவி அருண்டேல் அம்மா. ராஜ்யசபாவுல தனிநபர் மசோதாவாக் கொண்டாந்தாக. அரசாங்கமே செய்யுங்குற பேச்சு வாங்கிக்கிட்டுத்தான் அதைத் திரும்ப எடுத்துக்கிட்டாக. 1962-ல வாரியம் அமைஞ்சப்ப மொதத் தலைவரும் அவுகதான். வாரியமும் சென்னையிலதான் இருந்துச்சு. 2018-ல அதைத் தூக்கி ஹரியானா பல்லப்கட்டுல வச்சுட்டாக. இப்போ உனக்குப் பக்கத்துலதான் இருக்கு பாத்துக்கோ, நோட்டீசுக்காரன் மனு கொடுக்க ரொம்ப தூரம் அலைய வேண்டியதில்ல.

அந்தச் சட்டத்துப் பதினோராவது பிரிவுல எல்லாம் இருக்கு. வேணுங்குற தீனி, தண்ணி, தங்க இடம் கொடுக்காம விட்டா குத்தம். நின்னு திரும்ப இடமில்லாத கூண்டுல அடைச்சா குத்தம். நேரங்காலமில்லாமக் குட்டைச் சங்கிலியில கட்டிப் போட்டா குத்தம். அருமையான சட்டம். தண்டனையக் கேளு: மொதத் தடவைன்னா 10 ரூவாயிலருந்து 50 ரூவா வரைக்கும் அபராதம். மூணு வருசத்துக்குள்ள மறுபடி மாட்டுனா 25-லருந்து 100 ரூவா, இல்ல மூணு மாசம் வரைக்கும் உள்ள, இல்ல ரெண்டும். 1960-ல 50 ரூவாங்குறது சம்சாரிக்கு நெஞ்சு அடைக்கிற பணம். இன்னைக்கு உங்க ஊரு மால்ல ஒரு காப்பிக்குக் கூடப் பத்தாது. 2022-ல கூட்டப் போறோம்னு ஒரு வரைவு போட்டாக, அது வரைவாவே கிடக்கு.

இன்னும் இருக்கு கேளு. பட்டினி போட்டாங்குற குத்தத்துக்குப் போலீசு தானா வந்து கேஸ் எடுக்க முடியாது, மாஜிஸ்திரேட்டு உத்தரவு வேணும். குத்தம் நடந்து மூணு மாசத்துக்குள்ள வழக்குப் போடணும், தாண்டிட்டா போச்சு. குத்தம் நிரூபணமானா உடைமையப் பிடுங்குற அதிகாரம் கோர்ட்டுக்கு இருக்கு. அதுக்குப் பிறகு அம்புட்டு உசுரையும் எங்க கொண்டு போய் வைக்க? ஊர்ல பவுண்டு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? உனக்கு எங்க இருக்கப் போகுது. அடுத்தவன் வெள்ளாமையில மேஞ்ச மாட்டைக் கொண்டு போய் அடைப்பாக. அவுத்து விடணும்னா அபராதமும் கட்டணும், அத்தனை நாள் தீனிச் செலவும் கட்டணும். 1871-ல வெள்ளைக்காரன் போட்ட சட்டம். அதுல ஒரு நியாயம் இருந்துச்சு: மாட்டை அடைக்கிறவன் மொதல்ல வைக்கோல் கட்டை எடுத்து வச்சுட்டுத்தான் அடைப்பான். இப்போ பத்துப் பூனையப் பிடுங்குறவனுக்கு வைக்கோல் கட்டும் இல்ல, தொழுவும் இல்ல. அதனாலதான் ஆபீசரு உன் வாசல் வரைக்கும் வந்து, மூக்கைப் பொத்திக்கிட்டுத் திரும்பிப் போறாரு. உன்மேல இரக்கம்னு நினைச்சுக்கிறாத.

புனேயில நடந்ததை நீ படிச்சிருப்பே. 2025 பிப்ரவரியில ஹடப்சர் பக்கம் ஒரு பிளாட்டுல முன்னூத்துக்கு மேல பூனைன்னு பேப்பர்ல வந்துச்சு. மூணரை பெட்ரூம் வீடாம். அந்த அரை ரூம் யாருக்குன்னு எனக்குத் தெரியல, பூனைகளோட மேனேஜருக்கா இருக்கும். 2020-லயே அம்பதுங்கையில பக்கத்து வீட்டுக்காரக சொல்லத் தொடங்கிட்டாகளாம். அதிகாரிக வந்து பாத்து, காலி பண்ணுன்னு நோட்டீசு கொடுத்தது முன்னூறு ஆன பிறகு. பூனை சினை எத்தனை மாசம்? ரெண்டு மாசம். வருசத்துக்கு எத்தனை தடவை ஈனும், ஒரு ஈத்துக்கு எத்தனைன்னு விரலை விட்டு எண்ணிப் பாரு. ஆபீசுல ஃபைல் ஒரு மேசையிலருந்து அடுத்த மேசைக்குப் போறதுக்குள்ள பூனை பாட்டி ஆயிரும். சட்டத்துக்கும் பூனைக்கும் ஓட்டப்பந்தயம் வச்சா பூனைதான் ஜெயிக்கும். உன் பால்கனியில இந்நேரம் ஜெயிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். ஆம்பளைப் பூனையும் பொட்டைப் பூனையும் அண்ணன் தங்கச்சியாப் பழகுதுகன்னு நீ சொன்னதை அப்பத்தாகிட்ட நான் சொல்லல. கிழவி சிரிச்சே செத்துப் போவா.

இதெல்லாம் கேட்டப்ப எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. ஒண்ணுங்குறாக, நாலுங்குறாக, ஒரு கனால்ங்குறாக. பத்து நாயை ஒழுங்கா வளக்குறவனும் இருக்கான், ஒரு நாயைச் சங்கிலியில சாகடிக்கிறவனும் இருக்கான். அப்போ கோளாறு எதுல இருக்கு? உங்க பெரியத்தை மகன் சிகாகோவுல இருக்கான்ல, அவன்கிட்டப் போட்டேன் ஒரு போனு. அவன் இருக்கிற இல்லினாய் மாநிலத்துல 2001-லயே இதுக்கு ஒரு சட்டம் பண்ணி, இன்ன ஆளுதான் மிருகத்தைக் குவிச்சு வைக்கிற ஆளுன்னு எழுதி வச்சிருக்காகளாம். வாசிச்சுக் காட்டுனான். நாலு அடையாளம். நிறைய மிருகம் வச்சிருக்கணும். அதுகளுக்கு வேணுங்குறதைக் கொடுக்க முடியாம இருக்கணும். நெரிசல்ல அடைச்சு வச்சிருக்கணும். நாலாவது என்னன்னா, அதுக கிடக்குற கிடை அவனுக்குக் கண்ணுல படாம இருக்கணும், இல்ல தெரிஞ்சும் கண்டுக்காம இருக்கணும். "எத்தனைடா, எண்ணிக்கை சொல்லு"ன்னேன். "எண்ணிக்கையே இல்ல தாத்தா, நிறையன்னுதான் போட்டிருக்கு"ங்கான். மாட்டுனா மனநல டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லிக் கோர்ட்டே உத்தரவு போடலாமாம். 2013-ல டாக்டர்மாருக பெரிய புத்தகத்துல இந்தக் குவிக்கிற கோளாறை ஒரு நோயாவே சேத்துட்டாகளாம்.

பைத்தியம்னு சொல்றேன்னு மூஞ்சியத் தூக்காத. அந்த நாலாவது அடையாளம் இருக்கு பாரு, அது எனக்குப் பழக்கமானது.

உங்க அப்பன் தவழ்ந்துக்கிட்டு இருந்த காலம். மழை பொய்ச்ச வருசம். என்கிட்ட வெள்ளாடு நாப்பது சொச்சம். பதினஞ்சுக்குத்தான் தழை இருந்துச்சு. எட்டயபுரம் சந்தைக்கு ஓட்டுன்னு அப்பத்தா சொன்னா. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கிளம்புவேன், ஊர் எல்லையில நின்னு திரும்பி வந்துருவேன். ஒவ்வொண்ணும் என் கையில விழுந்த குட்டி. எப்படிடா கசாப்புக்காரன் கையில கயித்தைக் கொடுக்க? போதாததுக்கு அடுத்த வீட்டுக்காரன் தள்ளிவிட்ட நோஞ்சான் ரெண்டையும் பாவம்னு சேத்துக்கிட்டேன். ஊரே என்னைப் புண்ணியவான்னுச்சு. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

ஒரு சாயங்காலம் ராமநாதபுரத்துப் பக்கத்துக் கீதாரி ஒருத்தரு கிடை மாத்திப் போற வழியில தொழுவுல வந்து நின்னாரு. மூக்கைச் சுளிச்சாரு. "எத்தனை உருப்படிப்பா?"ன்னாரு. "நாப்பத்தி மூணு"ன்னேன். எண்ணுன்னாரு. பட்டி வாசல்ல ஒரு கம்பைக் குறுக்க வச்சு, ஒவ்வொண்ணாத் தாண்ட விட்டு எண்ணுனாரு. முப்பத்தி எட்டு. இன்னொரு தடவை எண்ணுனாரு. முப்பத்தி எட்டு. மிச்சம் அஞ்சும் தொழுவுக்குப் பின்னால முள்ளுக்குள்ள கிடந்துச்சு. செத்து எத்தனை நாளோ. ஊருக்கே நாறியிருக்கு பேராண்டி, எனக்கு மட்டும் நாறல. அதுக பக்கத்துலதான் தினம் ராத்திரி கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தேன்.

அந்த மனுசன் என்னைத் திட்டல. பஞ்சாயத்துல சொல்லி 50 ரூவா அபராதமும் போடல. இருபத்தெட்டைத் தன் கிடையில சேத்துக்கிட்டாரு, பத்தை விட்டுட்டுப் போனாரு. போனவரு ஒரு மாசம் வரைக்கும் தினம் அந்தி நேரத்துல, கிடை எங்க கிடந்தாலும், நடந்து வந்து வாசல்ல நின்னு எண்ணச் சொன்னாரு. பத்துன்னு சொன்னாத்தான் தண்ணி குடிப்பாரு. ஒருநாள் ஒம்பதுன்னு வந்துருச்சு. ரெண்டு பேரும் லாந்தரை எடுத்துக்கிட்டு விடிய விடியத் தேடுனோம். ஓடைக்குள்ள காலு மாட்டிக் கிடந்துச்சு.

நான் சொன்ன எந்த ஊரு சட்டத்துலயும் அப்படி அந்தி நேரத்துல வந்து நிக்கிற ஆளு ஒருத்தரும் இருக்குற மாதிரி தெரியல. பதிவுக்கு ஆளு இருக்கு, அபராதத்துக்கு ரசீது இருக்கு. பதினாலையும் அள்ளிட்டுப் போனாக் கூட, நீ ஆறு மாசத்துல குப்பைத் தொட்டியிலருந்து பதினஞ்சாவதைத் தூக்கிட்டு வருவே. அதை எனக்கு எவனும் சொல்லித் தர வேண்டாம்.

அதனால இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை செய். எல்லாத்தையும் ஒரு ரூம்புக்குள்ள விடு. கதவை ஒரு சாண் தொறந்து வச்சு, வாசல்ல உக்காந்து, ஒவ்வொண்ணா வெளிய வர விடு. ஆத்துல போட்டாலும் அளந்து போடும்பாக, நீ வீட்டுக்குள்ளதான போட்டிருக்கே, அளந்துரு. பேரு சொல்லிக் கூப்பிட்டு எண்ணு. பேரு ஞாபகம் வரலேன்னா தனியாக் குறிச்சுக்கோ. எது நேத்து சாப்பிடல, எதுக்குக் கண்ணுல பீளை, எது மத்ததைக் கண்டா ஒதுங்குதுன்னும் எழுது. முடிச்சுட்டு எனக்குப் போன் போடு. நாளைக்குச் சாயங்காலம் மறுபடி எண்ணு. ரெண்டு கணக்கும் ஒண்ணா வந்தா நோட்டீசுக்குப் பதில் எழுத நான் வழி சொல்றேன். வரலேன்னா, மொதல்ல கருத்தடைக்கு ஒரு நல்ல மிருக டாக்டரைப் பிடி, பிறகு எதை யாருகிட்டக் கொடுக்கலாம்னு ஒவ்வொண்ணாப் பேசலாம். மொத்தமா வேண்டாம். ஒரே நாள்ல எல்லாத்தையும் கொடுத்தவன் மறுநாள் என்ன ஆவான்னு எனக்குத் தெரியும்.

நானும் கிளம்பிட்டேன். மதுரையில திருக்குறள் எக்ஸ்பிரஸ் பிடிச்சா நிஜாமுதீன்ல இறங்கிரலாங்காக. வந்து ஒரு மாசம் உன் வாசல்ல உக்காந்திருப்பேன். சாமான் ஏத்துற லிஃப்டுல ஏறச் சொன்னாலும் எனக்குச் சங்கடமில்ல. அப்பத்தாவும் வர்றேன்னு நிக்கா. ஒத்தையில கிடக்குற பிள்ளைக்குத் துணையா இருக்கட்டும்னு ரெண்டு நாட்டுக்கோழியும் ஒரு குட்டியாடும் கொண்டு வரணுமாம். பஞ்சாரத்தைத் தேடிக்கிட்டு இருக்கா. நான் அதைத் தூக்கிப் படப்புக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கேன்.